சோறும் கடனும்: பரமண்டல ஜெபத்தைச் சேரியிலிருந்து வாசித்தல்

எழுதப் படிக்கத் தெரியாத நம்ம பாட்டிமாருக்கும் வார்த்தை பிசகாமல் மனப்பாடமாகத் தெரிந்த பிரதி ஒன்று உண்டு. புராட்டஸ்டண்ட் சேரிகளில் அதற்குப் பரமண்டல ஜெபம் என்று பேர். பழைய கத்தோலிக்கச் சேரிகளில் பரலோக மந்திரம். வேதத்தைக் காதால் கேட்டாலே தண்டனை என்று எழுதி வைத்த நாட்டில், மந்திரம் என்ற பேரிலேயே ஒன்றை நம்ம பொம்பளைங்க தினமும் வாய்விட்டுச் சொல்ல முடிந்தது சின்ன விஷயமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆனால் ஜெபத்தைச் சொல்லிக் கொடுத்தவர்கள் அதன் பொருளையும் சேர்த்தே சொல்லிக் கொடுத்தார்கள். எந்தச் சொல்லை எப்படி விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதைப் பிரசங்க மேடையும் ஞாயிறு பள்ளியும் முடிவு செய்தன. அந்த ஜெபத்தில் அடுத்தடுத்து வருகிற இரண்டு வேண்டுதல்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று சோறு. மற்றது கடன். பண்ணையாளாக இருந்த ஒரு சனத்தின் வாழ்க்கையே இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடியது. அப்படிப்பட்ட சனத்தின் வாயில் 'கடன்' என்ற சொல் 'பாவம்' என்று மாறிப்போனது. அதனால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்பதுதான் கேள்வி.

1

முதலில் சொல்லின் கதை. 1542இல் இந்தியா வந்த பிரான்சிஸ் சவேரியார், முத்துக்குளித்துறைக் கடற்கரையில் உள்ளூர்க்காரர்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்ய வைத்தார். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்', இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் புத்தகம். அதுவும் ஜெபமும் ஞானோபதேசமும் அடங்கிய புத்தகம்தான். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715க்குள் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். ஹென்றி பவரின் பேரோடு சேர்த்துச் சொல்லப்படும் 1871ஆம் ஆண்டுத் திருத்தம்தான் இன்றைக்கும் புராட்டஸ்டண்ட் வீடுகளில் புழங்கும் வேதாகமம். கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளியானது.

இவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால், நாம் எடுத்துக்கொண்ட இடத்தில் மூன்று விதமான சொற்கள் இருக்கின்றன. பழைய புராட்டஸ்டண்ட் ஜெபத்தில் கடன், கடனாளி. கத்தோலிக்க ஜெபத்தில் பாவம், தீமை. 1995 மொழிபெயர்ப்பில் குற்றம். ஒரே ஜெபம், ஒரே இடம், மூன்று சொல். மொழிபெயர்ப்பு என்பது அப்பாவித்தனமான வேலை இல்லை என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

மூலம் என்ன சொல்கிறது? மத்தேயு எழுதிய கிரேக்கத்தில் இருப்பது 'ஒஃபெய்லேமா'. கொடுக்க வேண்டிய பாக்கி என்று பொருள். லூக்காவில் முதல் பாதியில் பாவம் என்ற சொல் வருகிறது, இரண்டாம் பாதியில் கடன்பட்டவன் வந்துவிடுகிறான். இயேசு பேசிய அரமேயத்தில் 'ஹோபா' என்ற ஒரே சொல் கடனையும் குறிக்கும், பாவத்தையும் குறிக்கும் என்கிறார்கள் அறிஞர்கள். ஆக, கடன் என்ற பொருளை யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து திணிக்கவில்லை. அது உள்ளே இருந்தது. தமிழில் சில ஜெபங்களிலிருந்து அது வெளியே போயிருக்கிறது.

கடன் என்ற சொல்லைக் காப்பாற்றி வைத்த புராட்டஸ்டண்ட் ஜெபத்திலும் இன்னொரு இடத்தில் கை வைத்திருக்கிறார்கள். வினைச்சொல்லில். கடனை 'மன்னி' என்று அங்கே வருகிறது. நம்ம பேச்சில் யாராவது கடனை மன்னிப்பார்களா? கடனைத் தள்ளுபடி செய்வார்கள், கழித்துவிடுவார்கள், 'போ, அந்தப் பணம் வேணாம்' என்பார்கள், பத்திரத்தைக் கிழித்துப் போடுவார்கள். மன்னிப்பது தப்பைத்தான். எனவே மன்னி என்ற வினை வந்த உடனே, கேட்கிறவன் மனசு தானாகவே கடனிலிருந்து தப்புக்குத் தாவிவிடுகிறது. கடன் என்று வாய் சொல்கிறது, பாவம் என்று மனசு கேட்டுக்கொள்கிறது. கிரேக்கத்தில் அந்த வினைக்கு விட்டுவிடு, போக விடு என்பதுதான் அடிப்படைப் பொருள். அதிலிருந்து பிறந்த 'அஃபெசிஸ்' என்ற பெயர்ச்சொல்லைத்தான், எபிரேய வேதத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு ஏழாம் வருஷக் கடன் தள்ளுபடிக்கும் ஐம்பதாம் வருஷ விடுதலைக்கும் போட்டிருக்கிறது. உபாகமம் 15ஆம் அதிகாரம் ஏழு வருஷத்துக்கு ஒருமுறை கடனை விட்டுவிடச் சொல்கிறது. லேவியராகமம் 25ஆம் அதிகாரம் ஐம்பதாம் வருஷத்தில் நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும், அடிமைப்பட்டவன் வீடு திரும்ப வேண்டும் என்கிறது. ஜெபத்தில் வருகிற சொல்லின் பின்னால் இந்தச் சட்டங்கள் நிற்கின்றன.

2

இயேசுவின் காலத்துக் கலிலேயாவில் கடன் என்பது உருவகம் இல்லை. ரோமுக்கு வரி, ஏரோதின் வீட்டுக்கு வரி, கோயிலுக்குக் காணிக்கை. விளைச்சல் பொய்த்தால் கடன், கடன் முற்றினால் நிலம் போகும், நிலம் போனால் கூலி. மத்தேயு 20இல் விடிகாலை முதல் சாயங்காலம் வரைக்கும் சந்தைவெளியில் வேலைக்குக் காத்து நிற்கிறவர்கள் யார்? 'ஏன் சும்மா நிக்கிறீங்க' என்று கேட்டால், 'யாரும் எங்களை வேலைக்குக் கூப்பிடல' என்ற பொருளில் பதில் சொல்கிறார்கள். நம்ம ஊர்களில் விடிகாலையில் ஆள் பிடிக்கிற முச்சந்தியில் நின்றவர்களுக்கு இந்த இடத்துக்கு வியாக்கியானம் வேண்டாம்.

ஏழாம் வருஷம் நெருங்க நெருங்கக் கடன் கொடுக்கிறவர்கள் கையை மூடிக்கொண்டார்கள் என்பதால், கடனை நீதிமன்றத்தின் பேருக்கு மாற்றி ஏழாம் வருஷத்துக்குப் பிறகும் வசூலிக்கலாம் என்று ஹில்லேல் என்ற பெரியவர் ஒரு ஏற்பாட்டைச் செய்தார். ஏழைக்குக் கடன் கிடைக்கட்டும் என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். ஆனால் விளைவு, தள்ளுபடி என்ற சட்டம் நடைமுறையில் பல் இல்லாமல் போனது. பிறகு கி.பி. 66இல் எருசலேமில் கலகம் வெடித்தபோது, கலகக்காரர்கள் ஆவணக் காப்பகத்துக்குத் தீ வைத்துக் கடன் பத்திரங்களைக் கொளுத்தினார்கள் என்று யோசேபஸ் எழுதி வைத்திருக்கிறார். கடன்பட்டவர்களைத் தங்கள் பக்கம் இழுக்கவே அப்படிச் செய்தார்கள் என்பதும் அவர் சொல்வதுதான். கடன் பத்திரம் எரிவதைப் பார்த்து ஒரு நகரத்து ஏழைகள் கலகத்தில் சேர்வார்கள் என்றால், ஒரு தலைமுறைக்கு முன்னால் அதே நாட்டில் 'எங்கள் கடனை விட்டுவிடும்' என்று கற்றுக்கொடுக்கப்பட்ட ஜெபம் யார் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று யோசிக்கலாம்.

3

இப்போது சோற்றுக்கு வருவோம். தமிழ் ஜெபங்களில் அப்பம், ஆகாரம், உணவு என்று வெவ்வேறு சொற்கள் வருகின்றன. அதோடு சேர்ந்து வருகிற கிரேக்க அடைச்சொல் வேறு எங்கேயும் புழங்காத அபூர்வமான சொல். சுவிசேஷகர்களே உண்டாக்கிய சொல் என்று மூன்றாம் நூற்றாண்டில் ஒரிகன் சொல்லிவிட்டார். அன்றாடம், தேவையான அளவு, நாளைக்கானது என்று பலவிதமாகப் பொருள் சொல்கிறார்கள். லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம், லூக்காவில் அன்றாட அப்பம் என்றும் மத்தேயுவில் இயல்பைக் கடந்த அப்பம் என்றும் இரண்டு விதமாகப் போட்டார். நற்கருணைக்கு மட்டும் பொருத்திப் படிக்க அது வழி விட்டது. பசித்தவன் கேட்ட சோறு வானத்துச் சோறாக ஆகிற இடம் இதுதான்.

சேரியிலிருந்து வாசித்தால் முக்கியமாகத் தெரிவது வேறொன்று. சோறும் கடனும் ஏன் அடுத்தடுத்து வருகின்றன? தமிழில் 'செஞ்சோற்றுக் கடன்' என்று ஒரு கருத்து இருக்கிறது. சோறு போட்டவனுக்காக உயிரைக் கொடு, அவன் பக்கம் நியாயம் இல்லையென்றாலும் கொடு என்பது அதன் சாரம். கர்ணனின் கதையைச் சொல்லிச் சொல்லி அதை வீரமாக்கி வைத்திருக்கிறோம். ஆனால் அந்தக் கருத்தின் முழு எடையும் பண்ணையாள் தலையில்தான் இறங்கியது. உழைத்ததற்கான கூலியே அவனுக்குச் 'சோறு போடுவதாக'ச் சொல்லப்பட்டது. உழுதவன் இவன், நட்டவள் இவன் பொண்டாட்டி, அறுத்தவர்கள் இவன் பிள்ளைகள். களத்துமேட்டில் படி அளந்து போடும்போது மட்டும் ஆண்டை போடுகிற சோறு! போட்ட சோறு கடனானது, கடன் அடிமைத்தனமானது.

என் தாத்தா ஒரு படியாள். கல்யாணத்துக்கு ஆண்டையிடம் நெல்லும் கொஞ்சம் ரூபாயும் வாங்கினார். அதற்காகக் கைநாட்டு வைத்தார். எவ்வளவு வாங்கினோம் என்று அவருக்குத் தெரியும், எவ்வளவு பாக்கி என்று சாகிற வரைக்கும் தெரியாது. கணக்கு நோட்டு ஆண்டை வீட்டில் இருந்தது. 'கழிஞ்சிருச்சா சாமி' என்று வருஷா வருஷம் கேட்பாராம், 'இன்னும் இருக்குடா' என்று பதில் வருமாம். அவருக்குப் பின்னால் என் பெரியப்பா அதே மாட்டுக்கொட்டகைக்குப் போனார். ராத்திரி விளக்கு வைத்ததும் தாத்தாதான் வீட்டில் பரமண்டல ஜெபத்தை ஆரம்பிப்பார். கடன் என்ற சொல் வருகிற இடத்தில் அவருடைய குரல் இறங்கும் என்று என் அம்மா சொல்லும். அந்தக் கிழவன் அந்த இடத்தில் தன் பாவத்தை நினைத்தார் என்று நம்ப என்னால் முடியவில்லை.

இந்தப் பின்னணியில் ஜெபம் ஒரு காரியத்தைச் செய்கிறது. சோற்றைத் தகப்பனிடம் கேட்கச் சொல்கிறது. ஆண்டையிடம் இல்லை. தகப்பன் போடுகிற சோறு எந்த வீட்டிலும் கடனாக எழுதப்படுவதில்லை, அது பிள்ளைக்கு உரிமை. அடுத்த வேண்டுதலில் ஏற்கெனவே எழுதப்பட்ட கடனையும் நீக்கச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால், சோற்றைக் காட்டி ஆளைக் கட்டிப்போடுகிற ஏற்பாட்டுக்கே இந்த ஜெபம் எதிராக நிற்கிறது. ஜெபம் முழுக்க 'என்' என்ற சொல்லே இல்லை, எல்லாம் 'எங்கள்'தான். தனி ஆள் தன் தட்டுக்காகச் செய்கிற ஜெபம் இல்லை இது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்து 2005இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு, நம்ம எல்லோருக்கும் 'பறட்டை அண்ணன்', கடவுளைப் 'பெத்தவரு' என்று கூப்பிட்டதும், எல்லோரும் கொண்டுவந்து பொங்கிச் சேர்ந்து தின்கிற 'ஒரு உலை'யைப் பற்றிப் பேசியதும் இந்தத் திசையில்தான்.

1968 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் அன்று காலை தமிழ்நாட்டுக் கோயில்களில் எல்லாம் இந்த ஜெபம் சொல்லப்பட்டிருக்கும். அன்று ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு வைத்துக் கொளுத்தினார்கள். கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட மறுத்ததும்தான் அவர்கள் செய்தது. செத்தவர்கள் கிறித்தவர்களா என்பது இங்கே கேள்வி இல்லை. அன்றாடச் சோற்றை உரிமையாகக் கேட்டால் இந்த மண்ணில் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி. 1973இல் உயர்நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுவித்தது.

4

ஒரு மறுப்பு வரும். 'மத்தேயு அடுத்த வசனங்களிலேயே தப்பிதம் என்றுதானே விளக்குகிறார்? கடன் என்பது பாவத்துக்கு உருவகம்தானே?' என்று இறையியல் படித்த தோழர்கள் கேட்கக்கூடும். சரி, உருவகம் என்றே வைத்துக்கொள்வோம். உருவகத்தின் ஒரு பக்கத்தை அழித்துவிட்டால் மறுபக்கம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? மத்தேயு 18இல் இயேசு சொன்ன கதை முழுக்கக் கணக்குதான். ஒருத்தன் ராஜாவிடம் பட்ட கடன் 10,000 தாலந்து. இன்னொருத்தன் அவனிடம் பட்டது 100 தெனாரி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரி, ஒரு தெனாரி ஒருநாள் கூலி. பெரிய கடன் சின்னக் கடனைவிட 6 லட்சம் மடங்கு. அவ்வளவும் தள்ளுபடி ஆனவன், வெளியே வந்து 100 தெனாரிக்காரன் கழுத்தைப் பிடிக்கிறான். கண்டிக்கப்படுவது யார்? கழுத்தைப் பிடித்தவன்.

பாவம் என்ற சொல் மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதை அம்பேத்கர் பார்த்திருந்தார். கிறித்தவரான தீண்டப்படாதவரைப் பற்றி அவர் எழுதி, அவர் மறைவுக்குப் பிறகு வெளியான கட்டுரைகளில் ஒரு வாதம் வருகிறது. மனிதனின் வீழ்ச்சிக்கு அவனுடைய ஆதிப்பாவமே காரணம் என்று மிஷனரி போதிக்கிறார். அதைக் கேட்கிற தீண்டப்படாதவன், தன்னைக் கீழே தள்ளியது அநியாயமான சமூக அமைப்பு என்பதைப் பார்க்காமல் தன் பாவத்தையே பார்க்கத் தொடங்குகிறான் என்பது அந்த வாதம். இந்த ஜெபத்தில் கடன் பாவமானதற்கு இதைவிடச் சரியான விமரிசனம் கிடையாது. கடன் என்றால் கணக்கு கேட்கலாம், எவ்வளவு, யாருக்கு, எந்த வட்டி என்று கேட்கலாம், கணக்கு பொய் என்றும் சொல்லலாம். பாவம் என்றால் கேட்க ஒன்றும் இல்லை. மார்பில் அடித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

5

அடுத்தது இன்னும் கசப்பானது. 'எங்களுக்குக் கெடுதல் செய்தவர்களை நாங்கள் மன்னிப்பது போல' என்ற கருத்து நம்ம வாயை அடைக்க எத்தனை முறை பயன்பட்டிருக்கிறது? சேரியில் வீடுகள் நொறுக்கப்பட்ட ஒரு ஊரில் நடந்த சமாதானக் கூட்டத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லிப் பேச வந்தவர்களில் ஒரு குருவானவரும் இருந்தார். 'நாமதானே தினம் சொல்றோம், மன்னிக்கிறோம்னு' என்றார். ஒரு அம்மா எழுந்து, 'சாமி, அவுங்களும் தினம் அதத்தானே சொல்றாங்க. எங்கள என்னத்துக்கு மன்னிக்கப் போறாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க' என்றார். கூட்டம் கப்சிப்.

அந்த அம்மா கேட்டது ஜெபத்தைப் பற்றிய நேர்மையான கேள்வி. 2008 மார்ச்சில் எறையூரில், தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. தாக்கியவர்களும் அதே கோயிலில் அதே ஜெபத்தைச் சொல்கிறவர்கள். திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவிலும் சுவர் வைத்தவர்கள் 'எங்கள் தந்தை' என்றுதான் தொடங்குகிறார்கள். தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. 'நாங்கள்' என்று சொல்லும்போதே ஒரு வெளி ஆள் வந்துவிடுகிறார். ஜெபத்தில் அந்த வெளி ஆள் கடவுள். சாதிக் கிறித்தவர் சொல்லும் 'எங்கள்' என்ற சொல்லுக்கு வெளியே கடவுளோடு நாமும் நிற்கிறோம்.

கடன் என்று வாசித்தால் இந்த மன்னிப்பு வியாபாரம் நடக்காது. கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டுமானால் முதலில் கடன் இருக்கிறது என்று கடன்பட்டவன் ஒத்துக்கொள்ள வேண்டும். மத்தேயு 18இல் பெரிய கடன்காரன் கடன் இல்லை என்று சாதிக்கவில்லை, ஒத்துக்கொண்டு காலில் விழுகிறான். லூக்கா 19இல் வரி வசூலித்த சகேயு சும்மா அழவில்லை. சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்புவதாகவும் சொல்கிறான். இயேசு இரட்சிப்பு என்று பேசுவது அதற்குப் பிறகுதான். அப்படியானால் நம்முடைய 'கடனாளிகள்' யார்? அளக்காமல் விட்ட கூலி, பிடுங்கிய நிலம் எல்லாம் நமக்கு வர வேண்டிய பாக்கி. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையும், 1892இல் வந்த பஞ்சமி நில ஆணையும் அந்தப் பாக்கியை அரசாங்கமே எழுதி வைத்த சாட்சிகள். அந்த நிலங்களில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது ஊரறிந்த விஷயம்.

1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளரைப் போலப் பேசுகிறது. கொத்தடிமைக் கடனைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு அற்றுப்போய்விட்டது என்கிறது. மன்னிக்கப்பட்டது என்று சொல்லவில்லை. மன்னிக்க அங்கே தொழிலாளி ஒரு தப்பும் செய்யவில்லை. அதுதான் 'அஃபெசிஸ்'. சட்டம் வந்தும் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் 'அட்வான்ஸ்' என்ற புதுப் பேரில் கடன் ஆளைப் பிடித்து வைத்தது. 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்தில் ஒரு கூலிக் குடும்பம், இரண்டு பிஞ்சுகளோடு, கந்துவட்டிக் கொடுமையால் தீயில் எரிந்ததை நாடே பார்த்தது. அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையும் கோயில்களில் இந்த ஜெபம் சொல்லப்பட்டது. எத்தனை பிரசங்கத்தில் கடன் என்ற சொல்லுக்குக் கடன் என்று பொருள் சொன்னார்கள்?

6

நம்ம சனங்கள் இந்த ஜெபத்தை விட்டுவிட வேண்டும் என்பது என் வாதம் இல்லை. விட்டவர்கள் உண்டு, 1956இல் நாக்பூரில் அம்பேத்கர் காட்டிய வழியில் போனவர்கள் உண்டு, அவர்கள் நியாயம் அவர்களுக்கு. சொல்லிக்கொண்டிருக்கிறவர்களைப் பற்றித்தான் இந்தப் பேச்சு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, கிறித்தவரான தலித்தைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திருத்தப்பட்ட அந்த ஆணை கிறித்தவருக்குத் திருத்தப்படவில்லை. இந்த ஜெபத்தைச் சொல்வதற்காக நம்ம சனங்கள் கொடுத்த விலை அது. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பிரதியின் பொருளை அடுத்தவன் தீர்மானிக்க விடுவது என்ன நியாயம்?

செய்யக்கூடியது சில உண்டு. கத்தோலிக்கப் பங்குகளிலும் 1995 மொழிபெயர்ப்பைப் படிக்கிற இடங்களிலும் கடன் என்ற சொல்லைத் திரும்பக் கேட்கலாம். புராட்டஸ்டண்ட் சபைகளில் 'மன்னி' என்ற வினையோடு 'தள்ளுபடி' என்ற பொருளையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கலாம். ஞாயிறு பள்ளியில் இந்த ஜெபத்தோடு உபாகமம் 15ஐயும் லேவியராகமம் 25ஐயும் சேர்த்தே பிள்ளைகளுக்கு வாசிக்கலாம். சேரிகளில் கூடுகிற ஜெபக் கூட்டங்களில் கடன் என்ற இடம் வரும்போது நிறுத்தி, குழுக் கடன், மீட்டர் வட்டி, சூளை அட்வான்ஸ் என்று யாருக்கு எவ்வளவு இருக்கிறது என்று பேசலாம். எந்தக் கடன் சட்டப்படி செல்லாது என்று தெரிந்தவர்கள் சொல்லித் தரலாம். அதற்குப் பிறகு, யார் யார் நமக்குப் பாக்கி என்ற பட்டியலையும் எடுக்க வேண்டும். ஜெபத்தின் அந்த வேண்டுதலுக்கு இரண்டு பாதி இருக்கிறது. இரண்டாவது பாதியைச் சொல்வதற்கு முன்னால் கணக்கு நோட்டு ஒருமுறை நம்ம கைக்கு வந்தாக வேண்டும்.